எட்டாம் வகுப்புப் பையன்கள் ஏன் பாட வருவதில்லை?

கேள்வி: சயானுக்கும் தாராவிக்கும் நடுவில் இருக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாநில போர்டு, ஆங்கில வழி. பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இந்த ஜூனிலிருந்து எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் கலை வகுப்பை என் பொறுப்பில் விட்டுவிட்டார் தலைமை ஆசிரியை. வாரத்தில் வெவ்வேறு நாளில் இரண்டு பீரியட், அப்புறம் சனிக்கிழமை காலை. போன வருடம் பாட்டும் பரதமும் வைத்தார்கள். ஆகஸ்டுக்குள் பையன்கள் நின்றுவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சனிக்கிழமை வருவதே இல்லை. ஆண்டு விழா வந்ததும் சினிமாப் பாட்டுக்கு ஆட மட்டும் கூட்டம் சேர்ந்தது. பெற்றோர் “இதுக்கு மார்க் உண்டா டீச்சர்?” என்று கேட்கிறார்கள். “இந்த ஏரியா பிள்ளைங்களுக்கு ராப்பும் டான்ஸும் போதும்” என்கிறார் என் சக ஆசிரியர். எந்தக் கலையை எடுத்தால் இவர்களுக்குப் பொருந்தும்?
— ஓர் ஆசிரியை, மும்பை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் உங்கள் சக ஆசிரியர் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது மனதை உறுத்துகிறது. தாராவிப் பையன் என்றால் ராப் என்று முடிவுகட்டுவதும், தமிழ்ப் பெண் என்றால் பரதம் என்று முடிவுகட்டுவதும் ஒரே தவறுதான். இரண்டு இடத்திலும் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. தாராவியிலிருந்து தமிழிலும் இந்தியிலும் பாடுகிற அருமையான ராப் பாடகர்கள் வந்திருக்கிறார்கள், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் உங்கள் வகுப்பில் வீணை கற்க ஆசைப்படுகிற பையன் இருக்கலாம். ஆயில் பெயின்டைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கிற பெண் இருக்கலாம். பிள்ளைகளின் தேவைக்கேற்ப அமைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பல பள்ளிகள் செய்வது குறைத்துக் கொடுப்பதுதான். பிள்ளை வருகிற வழியில் இருக்கும் தடையை எடுங்கள், கற்றுக்கொடுக்கிற கலையின் தரத்தைக் குறைக்காதீர்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, தடை எங்கே இருக்கிறது? அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் எந்தக் கலையையும் தொடங்க வேண்டாம். ஆளுக்கொரு முழுத்தாள் கொடுத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன நடந்தது என்று படமாக வரையச் சொல்லுங்கள். குச்சி மனிதர்கள் போதும், அழகு தேவையில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், ட்யூஷன், தம்பியைப் பால்வாடியிலிருந்து கூட்டிவருவது, அப்பாவின் கடையில் உட்காருவது, போன் கையில் கிடைக்கிற அரைமணி நேரம், எல்லாம் அதில் வந்துவிடும். சனிக்கிழமைப் படத்தையும் தனியாக வாங்குங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஏன் வருவதில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அம்மா மாட்டுங்காவிலோ தாதரிலோ வீட்டுவேலைக்குப் போயிருப்பார், தங்கையைப் பார்த்துக்கொள்ள இந்தப் பெண்ணை விட்டால் ஆள் இருக்காது. அப்படியானால் எந்தக் கலையை வைத்தாலும் அவள் வர முடியாது. தங்கையையும் கூட்டிவரலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வருவாள். அறையின் மூலையில் ஒரு பாய், கொஞ்சம் பழைய தாள், கிரேயான் வைத்தால் போதும். தலைமை ஆசிரியையிடம் முதலில் வாங்க வேண்டிய அனுமதி இதுதான்.

“உனக்கு எந்தக் கலை பிடிக்கும்?” என்று நேரடியாகக் கேட்காதீர்கள். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்வார்கள், பார்த்தது போனில் ஓடுகிற ரீல்ஸ். அதற்குப் பதிலாகப் பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் சில கேள்விகள் கேளுங்கள். எதைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை? எதை மற்றவர்கள் முன்னால் செய்யவே மாட்டாய்? கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவாய்? மூன்றாவது கேள்வி முக்கியம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி பாடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வாழ்கிற பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்கு உயிர் வருகிற மொழி எதுவென்று தெரியாமல் நாடகமோ பாட்டோ தொடங்கினால், ஒப்பித்தல்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் பையன்களுக்கு வருகிறேன். அவர்கள் பாட்டை வெறுத்து ஓடியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதில் குரல் உடைகிறது. குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. அந்த மாதங்களில் நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது. பாதி வரியில் குரல் கீச்சென்று தாவும், பின்பெஞ்ச் சிரிக்கும். பெண்களுக்கு வசதியான ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு) எல்லோரையும் சேர்த்துப் பாடவைத்தால், பதின்மூன்று வயதுப் பையனுக்கு வாயசைப்பதும் ஓடிப்போவதும்தான் வழி. அவர்களைத் தனியாக வைத்து, சுருதியை ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிற மெட்டாகக் கொடுங்கள். முக்கியமாக, இது எல்லோருக்கும் நடப்பது, சில மாதங்களில் நிலைப்படும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதை யாரும் சொல்லாததால், தனக்குப் பாட்டு வராது என்று பதின்மூன்று வயதிலேயே முடிவுசெய்துவிட்ட ஆண்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

குரல் நிலைப்படும்வரை இசையை விட்டுவிட வேண்டாம், ஸ்வரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் போதும். தாளச் சொற்களை வாயாலேயே சொல்கிற கொன்னக்கோல் இருக்கிறதே! தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு இவற்றை மாற்றி மாற்றிச் சொல்வதற்குக் குரல் வளம் தேவையில்லை. நாக்கும் கவனமும் போதும். ராப் பழகுகிற பையன் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவான், ஏனென்றால் அவன் செய்ய முயல்வதும் அதுதான்: ஒரே தாளத்துக்குள் சொற்களை நெருக்கியும் தளர்த்தியும் வைப்பது. நாலு நாலாகப் போகிற ஒரு வரியை மூன்று மூன்றாக உடைத்துச் சொல் என்று கொடுங்கள். அது கடினமான வேலை. கடினமாக இருப்பதால்தான் திரும்பி வருவான். சயான், மாட்டுங்கா பக்கத்தில் மிருதங்கம் சொல்லித்தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவரை மாதம் ஒரு சனிக்கிழமை அழைக்கப் பாருங்கள். நீங்களே முன்னதாக இரண்டு வாரம் பழகிக்கொண்டாலும் தொடங்கிவிடலாம்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு பெரிய வேலை வேண்டும் என்றால், என் மனதில் இருப்பது வில்லுப்பாட்டு. தாராவித் தமிழ்க் குடும்பங்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகம், அது வில்லுப்பாட்டின் சொந்த மண். சில வீடுகளில் தாத்தா பாட்டி இன்னும் கோயில் கொடை விழாவில் கேட்ட கதையைச் சொல்வார்கள். ஆனால் நான் இதைச் சொல்வது ஊர்ப்பாசத்துக்காக இல்லை. அதன் அமைப்பே இந்த வயதுக்குப் பொருந்துகிறது. வில்லை வீசுகோலால் அடித்துக் கதை சொல்கிறவர் ஒருவர், உடுக்கை, குடம், கட்டை, தாளம் என்று ஆளுக்கொரு வேலை, கதைக்கு நடுவே “ஆமாம்” போடுகிற பின்பாட்டுக்காரர்கள். வாயே திறக்காத பிள்ளை “ஆமாம்” என்ற ஒரு சொல்லோடு மேடையில் உட்காரலாம். அடுத்த மாதம் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அதற்கடுத்து ஒரு பத்தி கதை சொல்லட்டும். எல்லோரும் உட்கார்ந்தே செய்வதால், வளர்கிற உடம்பை ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமும் குறைகிறது.

மராத்தியில் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, பவாடா. ஷாஹிர் என்கிற பாடகர் கதையை வீரத்தோடு பாட, பின்னால் இருப்பவர்கள் “ஜீ ஜீ ரே ஜீ” என்று கூட்டுவார்கள், டஃப் என்கிற தோல்வாத்தியம் முழங்கும். மும்பைத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பாடிய அண்ணாபாவ் சாட்டே இந்த நகரத்தின் குடிசைப் பகுதியில், காட்கோபர் சிராக் நகரில், வாழ்ந்தவர். உங்கள் பள்ளி மராத்தி ஆசிரியருக்கு அவரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கும், அந்த ஆசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பாதி என்றால், மற்ற பாதியும் உங்கள் பிள்ளைகள்தானே. ஒரே கதையைப் பாதி வில்லிலும் பாதி பவாடாவிலும் சொல்லலாம். நடுவில் ராப் பையன்களுக்குக் கொன்னக்கோலோடு ஒரு இடம். எதையும் ஒன்றாகக் கலந்து குழைக்க வேண்டாம், ஒவ்வொன்றும் தன் முறைப்படி வரட்டும், கதை மட்டும் தொடரட்டும்.

கதையைப் பிள்ளைகளே எழுத வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. குடிசைப் பகுதிப் பிள்ளைகள் என்றதும் வறுமையைக் கதையாகச் சொல்லவைக்கிற ஒரு பழக்கம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கண் கலங்கி, கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளைக்கு என்ன மிச்சம்? அவர்கள் பேய்க்கதை சொல்ல விரும்பினால் பேய்க்கதை. கிரிக்கெட் மேட்ச் என்றால் மேட்ச். தாராவியில் இருக்கும் காலா கில்லா கோட்டை 1737-இல் பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் காலத்தில் கட்டப்பட்டது, அதைப் பார்த்து ஒரு புதையல் கதை வரலாம். தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்தில் வீடு எங்கே போகுமோ என்ற பயத்தை யாராவது தானாகவே கதையில் கொண்டுவந்தால் மதித்துக் கேளுங்கள், ஆனால் நீங்கள் தூண்டாதீர்கள். பறை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். ஊரில் அந்த வாத்தியத்தோடு சேர்ந்து வந்த அவமானத்தைச் சில வீடுகள் இன்னும் மறக்கவில்லை, வேறு சில வீடுகளுக்கு இன்று அதுவே தலைநிமிர்வு. பிள்ளையும் வீடும் கேட்டால் முழு மரியாதையோடு நல்ல ஆசானை வைத்துக் கற்றுக்கொடுங்கள். பெயரைப் பார்த்தோ தெருவைப் பார்த்தோ ஒரு பிள்ளையின் கையில் நீங்களாகப் பறையைக் கொடுக்கக் கூடாது.

கதை எழுதுவது, நடிப்பது என்று வந்தால் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் பிள்ளைகள் தங்களுக்கு நடப்பதைச் சொல்லிவிடுவார்கள். கலை வகுப்பு சிகிச்சை அறை இல்லை, நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். ஆனால் பாலியல் துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரியவந்தாலோ, நடந்திருக்கலாம் என்று தோன்றினாலோ, 2012-இன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பள்ளி நிர்வாகத்துக்குச் சொன்னேன் என்பதோடு அது முடிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். “உனக்கு உதவ வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். இதைத் தலைமை ஆசிரியையோடு ஜூன் மாதமே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாப் பிள்ளைகளும் மேடைக்கு வர வேண்டும் என்பதில்லை. வரைகிற பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கண் கையை முந்திவிடுகிறது. தான் வரைந்த மூக்கு மூக்கு மாதிரி இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை, தாளைக் கிழிக்கிறார்கள். பலர் அதோடு பென்சிலை வைத்துவிடுகிறார்கள். “எல்லாமே அழகுதான் கண்ணா” என்பது அவர்களுக்கு உதவாது, பொய் என்று அவர்களுக்கே தெரியும். நுட்பம் சொல்லிக்கொடுங்கள். அளவெடுப்பது, நிழல் எங்கே விழும், தூரத்தில் உள்ளது ஏன் சிறியதாகத் தெரிகிறது என்பது. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டின் நடைபாதை ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், கட்டடங்களின் கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளிக்கு ஓடுவது தெரியும்.

பெற்றோரின் மார்க் கேள்விக்கு இங்கே ஒரு நேரான பதில் இருக்கிறது. மகாராஷ்டிராவின் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளில் பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், ஜியாமெட்ரி, எழுத்து வடிவம் எல்லாம் உண்டு. இன்டர்மீடியட் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது. சில கலை ஆசிரியர்கள் இந்தத் தேர்வைக் கேவலமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரும்புகிற பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. எல்லோரையும் கட்டாயமாக உட்காரவைப்பதுதான் தவறு. மேலே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. ஓவியக் கல்லூரி இதே நகரத்தில் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். தோல் பையும் தையலும் எம்பிராய்டரியும் நடக்கிற வீடுகளுக்கு டிசைன் தெரிந்த பிள்ளையின் மதிப்பை நீங்கள் விளக்கத் தேவையில்லை. ஆனால் மார்க்கையும் வேலையையும் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அப்பா அம்மாவை ஒரு சனிக்கிழமை வகுப்புக்கே கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

ஆடவே ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஆட்டம் இருக்கட்டும், பரதமும் இருக்கட்டும். யூனிஃபார்ம் பாவாடையோடு குனிந்து நிமிரச் சொல்லாதீர்கள், டிராக் பேன்ட் போட அனுமதி கொடுங்கள். மாதவிலக்கு நாளில் ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து தாளம் போட்டால் காரணம் கேட்காதீர்கள். இரண்டு பீரியடும் வெவ்வேறு நாளில் இருக்கிறது என்கிறீர்களே, அதைச் சேர்த்து ஒரே நாளில் வாங்கப் பாருங்கள். பெஞ்சை நகர்த்தி முடிப்பதற்குள் மணி அடித்தால் எந்தக் கலையும் நடக்காது. செலவு விஷயத்தில் ஒரே விதி: வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. வாடகை உடைக்கு ஐந்நூறு ரூபாய் என்று டைரியில் எழுதி அனுப்பிய அன்றே சில பிள்ளைகளுக்கு “வயிற்றுவலி” வந்துவிடும். தையல் கூடங்களில் மிஞ்சுகிற துணித்துண்டும் அட்டைப்பெட்டியும் கேட்டால் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் கழிவு, தோல் கழிவு மட்டும் வேண்டாம், அதில் என்ன ரசாயனம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆண்டு விழாவுக்கு வருவோம். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃபுக்காகக் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அடியில் உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒன்று, எதற்கு என்றே தெரியாமல் பிள்ளைகள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஆடி, பெரியவர்களின் விழாவுக்கு அலங்காரமாக நிற்பது. நம் ஆண்டு விழாக்களில் பெரும்பகுதி அந்தப் படியில்தான் நிற்கிறது என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் விழாவை எதிர்த்துப் போராடாதீர்கள், பிள்ளைகளுக்கு அந்த மேடை பிடிக்கும். சினிமாப் பாட்டு இரண்டு போகட்டும், கூடவே வில்லுக்குப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். எந்தப் பகுதியை மேடையேற்றுவது, யார் எதைச் செய்வது, போஸ்டரில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். லைட், மைக், திரை, உடை எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கட்டும். மேடைக்கு வர விரும்பாத பிள்ளைக்கு அது இரண்டாம் தர வேலை என்று தோன்றாதபடி, முடிந்ததும் எல்லோர் பெயரையும் சேர்த்தே அறிவியுங்கள்.

தலைமை ஆசிரியை தயங்கினால், 2023-இல் வந்த பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் கலைக் கல்வியைத் தனிப் பாடப்பகுதியாகவே வைத்திருக்கிறது, ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கும் அதில் உண்டு என்று காட்டுங்கள். அதைவிட அவரை நகர்த்தக்கூடியது உங்கள் நோட்டுப்புத்தகம். எந்தச் சனிக்கிழமை யார் வந்தார்கள், யார் முதல்முறை பேசினார்கள், கிழித்துப் போட்ட படத்தை யார் திரும்ப வரைந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், இந்தக் குறிப்பு போதும். அக்டோபரில் அவர் கணக்குக் கேட்பார், அப்போது கையில் இருக்க வேண்டும்.

நாள்காட்டியை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். கணபதி நாட்களில் தெருவே மண்டபத்தில்தான் இருக்கும், அந்த இரண்டு வாரம் வருகை குறைந்தால் கலங்க வேண்டாம். அதற்கப்புறம் முதல் பருவத் தேர்வு, தீபாவளி விடுமுறை. ஆகவே கேட்பதும் பழகுவதும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில். கதை கட்டுவது நவம்பர், டிசம்பரில். வில்லை இப்போதே வாங்க ஓட வேண்டாம். மூங்கிலும் மணியும் வைத்துப் பிள்ளைகளே ஒன்று செய்து பார்க்கட்டும். முதல் இரண்டு வாரத் தாள்களையும் துண்டுச்சீட்டுகளையும் பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். குறிப்பாக, எத்தனை பிள்ளைகளின் சனிக்கிழமைப் படத்தில் தம்பி தங்கை இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். வகுப்பைச் சனிக்கிழமையிலேயே வைப்பதா, வேறு நாளுக்கு மாற்றுவதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.